சோதனை அட்டை நீலமாகவில்லையா? காரணம் மருந்தா, கரைப்பானா என்று பாருங்கள்

காரமடைப் பக்கம் கறிவேப்பிலை சாகுபடி செய்யும் விவசாயி ஒருவர் சென்ற ஆண்டு என்னைத் தேடி வந்தார். ஒரு கையில் பிளாஸ்டிக் பையில் இலை, இன்னொரு கையில் கைப்பேசியில் எடுத்த படம். படத்தில் விரல் அகலத்தில் ஓர் அட்டை, அதில் ஒரு வெள்ளை வட்டம். "இந்த வட்டம் நீலமா மாறலைன்னு ஒரு டெம்போ இலையைத் திருப்பி அனுப்பிட்டாங்க மேடம். நான் வேப்பெண்ணெயையும் ஒரு மூலிகை மருந்தையும் தவிர வேற எதையும் தொடலீங்க" என்றார். கறிவேப்பிலை பறித்த அன்றே விற்க வேண்டிய சரக்கு. திருப்பி அனுப்பப்பட்ட இலை என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கொள்முதல் நிலையத்தில் எப்படிச் சோதித்தார்கள் என்று கேட்டேன். இலையைக் கிள்ளி ஒரு குப்பியில் போட்டு, மேலே ஸ்பிரிட் ஊற்றிக் குலுக்கி, அந்தச் சாற்றை அட்டையில் சொட்டு விட்டிருக்கிறார்கள். அட்டையுடன் கரைசல் பொடி ஒன்று வந்திருக்கும். அது தீர்ந்துவிட்டதாம். ஸ்பிரிட் ஊற்றினால் மருந்து நன்றாகக் கரைந்து வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் சொன்னதில் பாதி உண்மை. ஸ்பிரிட்டில் மருந்து நன்றாகத்தான் கரையும். ஆனால் அந்த அட்டையில் இருப்பது உயிர்ப்பொருள், அதன் மேல் ஸ்பிரிட்டை ஊற்றினால் என்ன ஆகும் என்பதுதான் மீதிப் பாதி.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், காய்கறி கொள்முதல் மையங்கள், ஏற்றுமதிக் கிடங்குகள் என்று இந்த விரைவுச் சோதனை பரவி வருகிறது. முடிவு 15 நிமிடத்தில் தெரிகிறது, செலவும் குறைவு. அதனால் அட்டை எப்படி வேலை செய்கிறது, எதனால் ஏமாறுகிறது என்பதை இலை விற்பவரும் வாங்குபவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அட்டைக்குள் என்ன இருக்கிறது?

அட்டையில் இரண்டு வட்டங்கள் இருக்கும். வெள்ளை வட்டத்தில் கோலின் எஸ்டரேஸ் என்ற நொதி உலர்த்தி ஏற்றப்பட்டிருக்கும். சிவப்பு வட்டத்தில் அந்த நொதி உடைக்கக்கூடிய ஒரு சாயப்பொருள் இருக்கும். இலைச் சாற்றை வெள்ளை வட்டத்தில் இரண்டு மூன்று சொட்டு விட்டு 10 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு அட்டையை மடித்து இரண்டு வட்டங்களையும் 3 நிமிடம் ஒட்டிப் பிடிக்க வேண்டும். நொதி நலமாக இருந்தால் சாயப்பொருளை உடைக்கும், வட்டம் நீலமாகும். நொதி முடங்கியிருந்தால் நீலம் வராது, வெள்ளையாகவே நிற்கும்.

இந்த நொதிக்கும் பூச்சிமருந்துக்கும் என்ன தொடர்பு? பூச்சியின் நரம்பிலும் நம் நரம்பிலும் ஒரே வேலையைச் செய்கிற நொதி இது. நரம்பு செய்தி அனுப்ப அசிட்டைல்கோலின் என்ற பொருளை வெளியிடுகிறது. செய்தி போய்ச் சேர்ந்ததும் அந்தப் பொருளை உடனே துடைத்து எடுப்பது இந்த நொதியின் வேலை. ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை உடைக்கும் வேகம் கொண்டது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை மருந்துகள் இந்த நொதியின் செயல்மையத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன. மோனோகுரோட்டோபாஸ், டைகுளோர்வாஸ் முதல் வகை. கார்போபியூரான், மெத்தோமில் இரண்டாம் வகை. நொதி அடைபட்டதும் அசிட்டைல்கோலின் தேங்கி, தசை இடைவிடாமல் துடித்து, பூச்சி சாகிறது. மருந்தடிக்கும்போது கவனமில்லாமல் இருந்தவருக்கு வாயில் நீர் ஊறுவதும், வியர்த்துக் கொட்டுவதும், கண்மணி சுருங்குவதும், மூச்சு அடைப்பதும் இதே நொதி முடங்குவதால்தான்.

ஆக, அட்டை நேரடியாக மருந்தைப் பார்ப்பதில்லை. நொதி உயிரோடு இருக்கிறதா, முடங்கிவிட்டதா என்பதை மட்டுமே பார்க்கிறது. முடக்கியது யார் என்று அதற்குத் தெரியாது. மருந்து முடக்கினாலும் வெள்ளைதான், ஸ்பிரிட் முடக்கினாலும் வெள்ளைதான். வெயிலில் காரின் முன்பலகையில் கிடந்து நொதி செத்துப்போன பழைய அட்டையும் வெள்ளைதான் காட்டும். இந்தச் சோதனையில் எந்தத் தவறு நடந்தாலும் பெரும்பாலும் பழி விவசாயி தலையில்தான் விழும் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

நாங்கள் செய்து பார்த்தது

அவர் சொன்னதைக் கேட்டதும் நான்கு அட்டைகளை எடுத்தோம். முதல் அட்டையில் வெறும் தாங்கல் கரைசல், அதாவது கார அமில நிலையை 7.5 என்ற அளவில் மாறாமல் வைத்திருக்கும் பாஸ்பேட் உப்புக் கரைசல். இரண்டாவதில், குடியிருப்புக் கொல்லையில் எந்த மருந்தும் அடிக்காமல் நிற்கும் மரத்தின் இலையை அதே கரைசலில் ஊறவைத்த சாறு. மூன்றாவதில் வெறும் ஸ்பிரிட். நான்காவதில் அதே கொல்லை இலையை ஸ்பிரிட்டில் குலுக்கிய சாறு.

முதல் இரண்டும் நீலமாயின. வெறும் ஸ்பிரிட் விட்ட மூன்றாவது அட்டை வெள்ளையாகவே நின்றது. அதில் இலையே இல்லை, இருந்தும் அட்டை அதையும் 'நஞ்சு' என்றது. நான்காவதும் வெள்ளை. எங்கள் கொல்லை இலை நஞ்சு என்றால் என் வீட்டு ரசமும் நஞ்சுதான். விவசாயி சிரிக்கவில்லை. "அப்போ என் இலை?" என்றார். அவருடைய இலையைத் தாங்கல் கரைசலில் ஊறவைத்து ஐந்தாவது அட்டையில் விட்டோம். நீலம் வந்தது. அந்த நீலத்தை நம்பி அவர் மகிழ்ந்தது முழுக்கச் சரியல்ல, அதைப் பின்னால் சொல்கிறேன்.

கரைப்பான் நொதியை என்ன செய்கிறது?

ஒரு முட்டையை உடைத்து வெள்ளைக்கருவின் மேல் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிப் பாருங்கள். சூடே இல்லாமல் வெந்ததுபோல் வெளுத்துத் திரண்டுவிடும். வெள்ளைக்கரு புரதம், நொதியும் புரதம். புரத இழை தன்னைத்தானே மடித்துச் சுருட்டிக்கொண்டு ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் இருந்தால்தான் வேலை செய்யும். அந்த வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பதில் அதைச் சுற்றி நிற்கும் தண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு. எத்தனால், மெத்தனால், அசிட்டோன், அசிட்டோநைட்ரைல் போன்றவை தண்ணீரோடு எளிதில் கலப்பவை. அளவு அதிகமானால் நொதியின் மேலிருக்கும் தண்ணீர்ப் போர்வையை இழுத்துக்கொள்கின்றன, உள்ளே மடிந்திருக்கும் எண்ணெய்த் தன்மையுள்ள பகுதிகளை வெளியே இழுக்கின்றன. சுருட்டல் அவிழ்கிறது. ஸ்பிரிட்டை அப்படியே அட்டையில் விட்டால் நடப்பது இதுதான்.

கரைப்பான் குறைவாக இருக்கும்போது நடப்பது வேறு. முட்டையில் பார்த்ததுபோல் கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் ஆய்வகத்தில் இருப்பவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். இந்த நொதியின் முப்பரிமாண வடிவம் 1991-இல் மின்திருக்கை மீனிலிருந்து எடுத்த நொதியைக் கொண்டு கண்டறியப்பட்டது. அதன் செயல்மையம் மேற்பரப்பில் இல்லை. சுமார் 20 ஆங்ஸ்ட்ராம் ஆழமுள்ள குறுகிய கிணறு போன்ற பள்ளத்தின் அடியில் இருக்கிறது. வேலை செய்ய வேண்டிய பொருள் அந்தக் கிணற்றில் இறங்கிப் போக வேண்டும். கரைப்பானின் மூலக்கூறுகள் சிறியவை. அவையும் அதற்குள் இறங்கி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நொதி சாகவில்லை, வடிவமும் மாறவில்லை, ஆனால் வாசலில் கூட்டம் நிற்பதால் வேலை மெதுவாகிறது. டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் எதையும் கரைக்கும், நொதிக்கும் ஒன்றும் செய்யாது என்று நெடுங்காலம் நம்பிப் பயன்படுத்தப்பட்டது. அதுவே இந்த நொதியைத் தடுக்கிறது என்பது பிற்பாடு ஆய்வுகளில் தெளிவானது.

எல்லாக் கரைப்பானும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தவிட்டு எண்ணெய் ஆலைகளில் எண்ணெய் எடுக்கப் பயன்படுத்தும் ஹெக்ஸேன் தண்ணீரோடு கலக்காது. அதனால் நொதியின் தண்ணீர்ப் போர்வையை அதிகம் பறிப்பதில்லை. கிட்டத்தட்ட நீரே இல்லாத கரிமக் கரைப்பானில்கூட லைபேஸ் நொதி வேலை செய்யும் என்று 1984-இல் ஜாக்ஸ், கிளிபானோவ் என்ற இரு விஞ்ஞானிகள் காட்டினார்கள். தவிடு கெட்டுப்போகக் காரணமும் அதிலுள்ள லைபேஸ்தான். ஹெக்ஸேன் வந்து அதை அடக்கும் என்று காத்திருக்க முடியாது என்பதால்தான் தவிட்டை அரைத்த கையோடு சூடுபடுத்தி நிலைப்படுத்துகிறார்கள். தண்ணீரோடு கலக்கும் கரைப்பான்தான் நொதிக்குப் பெரிய பகை என்பது பொது விதி. நம் சோதனைக் கூடங்களில் கைக்கு எட்டுபவை எல்லாம் அந்த வகைதான்.

எத்தனை சதவீதம் வரை தாங்கும் என்று கேட்பீர்கள். நொதிக்கு நொதி, கரைப்பானுக்குக் கரைப்பான் மாறும். சோதனைக் கலவையில் கரைப்பான் 1 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பொதுவான ஆய்வக வழக்கம். அதற்கு மேல் போனால் உங்கள் கூடத்தில், உங்கள் நொதியில் சோதித்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். கணக்குப் போடுவது எளிது. 1 மி.லி. கலவையில் 50 மைக்ரோலிட்டர் அசிட்டோன் சாற்றைச் சேர்த்தால் அது 5 சதவீதம். 'ஒரு துளிதானே' என்று சேர்ப்பதுதான் இந்த 5 சதவீதம்.

ஒரே இலை, இரண்டு தீர்ப்பு

அட்டைக்குப் பதிலாகக் கருவியில் அளக்கும் முறையும் உண்டு. 1961-இல் எல்மன் வெளியிட்ட முறை இன்றும் உலகம் முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. நொதி வேலை செய்தால் மஞ்சள் நிறம் வரும், அதை 412 நானோமீட்டர் ஒளியில் அளப்பார்கள். கட்டுப்பாட்டுக் குழாயோடு ஒப்பிட்டு எத்தனை சதவீதம் தடுப்பு என்று கணக்கிடுவார்கள். சீனாவில் 2003-இல் வந்த தேசிய நெறிமுறையில் தடுப்பு 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அந்தக் காய்கறியில் மருந்து இருக்கிறது என்று முடிவு செய்யச் சொல்லியிருக்கிறது. தைவானில் 1980-களிலேயே ஈயின் தலையிலிருந்து எடுத்த இதே நொதியைக் கொண்டு சந்தைக்கு வரும் காய்கறிகளைச் சோதிக்கும் முறையை உருவாக்கினார்கள்.

இப்போது கரைப்பான் இந்தக் கணக்கை எப்படிப் புரட்டுகிறது என்று பார்ப்போம். புரிவதற்காக நானே வைத்த எண்கள் இவை. கரைப்பான் இல்லாத கட்டுப்பாட்டுக் குழாயில் 3 நிமிடத்தில் நிற மாற்றம் 0.80. கரைப்பான் மட்டும் சேர்த்த குழாயில் 0.56. விவசாயியின் இலைச் சாறு, அதே கரைப்பானோடு, 0.40.

முதல் குழாயோடு ஒப்பிட்டால் 0.80-லிருந்து 0.40 ஆகிவிட்டது, தடுப்பு 50 சதவீதம், சரக்கு நிராகரிப்பு. கரைப்பான் குழாயோடு ஒப்பிட்டால் 0.56-லிருந்து 0.40, தடுப்பு சுமார் 29 சதவீதம், சரக்கு தேறிவிட்டது. இலை ஒன்றுதான், கருவி ஒன்றுதான். எந்தக் குழாயோடு ஒப்பிட்டார்கள் என்பதில்தான் ஒரு டெம்போ சரக்கின் விலை இருக்கிறது.

முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில் நானே இதில் விழுந்திருக்கிறேன். ஒரு செடியின் மெத்தனால் சாறு பூச்சியின் நொதியை 60 சதவீதம் தடுக்கிறது என்று மூன்று மாதம் மகிழ்ச்சியாக இருந்தேன். வெறும் மெத்தனாலை வைத்துப் பார்க்கச் சொன்னார் வழிகாட்டிப் பேராசிரியர். அதுவும் அதில் பெரும் பங்கைத் தடுத்தது. அந்த மூன்று மாத நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன், மாணவர்களுக்குக் காட்ட.

கரைப்பான் குழாயை வைத்துக் கழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. கிணற்று வாசலில் கரைப்பான் கூட்டமாக நின்றால் அது சாயப்பொருளை மட்டும் தடுப்பதில்லை, மருந்து உள்ளே போவதையும் தாமதப்படுத்துகிறது. எண்ணெய்த் தன்மையுள்ள மருந்து நொதியோடு ஒட்டுவதைவிடக் கரைப்பானிலேயே சுகமாக மிதக்கவும் செய்யும். அப்போது உண்மையிலேயே மருந்து இருக்கும் இலை 'பரவாயில்லை' என்று தேறிவிடும். ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் நொதியில் ஒட்டுவதற்கு நேரம் பிடிக்கும், அந்த 10 நிமிடத்தைக் குறைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். கார்பமேட் வகையோ ஒட்டியதை மெல்ல மெல்ல விட்டுவிடும், அதனால் சோதனையை இழுத்துக்கொண்டே போகவும் கூடாது. கரைப்பான் இந்த வேகங்களை எல்லாம் மாற்றும். கழித்துச் சரிசெய்வதைவிட, கரைப்பானே இல்லாமலோ மிகக் குறைவாகவோ சோதிப்பதுதான் நல்லது.

அப்படியானால் கரைப்பான் எதற்கு?

மருந்துகள் பலவும் தண்ணீரில் சரியாகக் கரையாதவை, இலையின் மெழுகுப் படலத்தில் ஒட்டிக்கொள்பவை. அதை வெளியே கொண்டுவரக் கரைப்பான் தேவைதான். பெரிய ஆய்வகங்களில் 2003-இல் அறிமுகமான விரைவுப் பிரித்தெடுப்பு முறையில் 10 கிராம் மாதிரிக்கு 10 மி.லி. அசிட்டோநைட்ரைல் சேர்த்துத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அந்தச் சாறு போவது வாயு அல்லது திரவ நிறப்பிரிகைக் கருவிக்கு. அங்கே நொதி கிடையாது, அதனால் கரைப்பானால் தொல்லையில்லை. அதே சாற்றை அட்டையில் விட்டால்தான் வம்பு. நொதிச் சோதனைக்குத்தான் வேண்டும் என்றால், கரைப்பானில் எடுத்த சாற்றை முழுவதும் ஆவியாக்கி உலர்த்தி, மிச்சத்தைத் தாங்கல் கரைசலில் கரைத்துக்கொள்ள வேண்டும். இது புகைபோக்கி அறையுள்ள ஆய்வகத்தில் செய்யும் வேலை. கிடங்கிலோ கொள்முதல் நிலையத்திலோ செய்ய வேண்டாம். ஸ்பிரிட்டும் அசிட்டோனும் ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். மெத்தனால் உள்ளே போனால் பார்வை போகும், உயிரும் போகும். காய்கறி வைக்கும் இடத்தில் அந்தப் பாட்டிலே இருக்கக் கூடாது.

கறிவேப்பிலையில் கரைப்பான் சேர்ப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இலையிலேயே மஹானிம்பைன் என்ற ஆல்கலாய்டு இருக்கிறது, அது இதே நொதியைத் தடுக்கக்கூடியது என்று ஆய்வுகள் சொல்கின்றன. தண்ணீரில் அதிகம் இறங்காத இந்த வகைப் பொருட்கள் ஸ்பிரிட்டில் நன்றாக இறங்கிவிடும். கூடவே பச்சையமும் இறங்கி நிறத்தைக் குழப்பும். ஆகவே ஸ்பிரிட் இலையிலிருந்து மருந்தை மட்டும் எடுப்பதில்லை, நொதிக்குத் தொல்லை தரும் மற்றதையும் சேர்த்து எடுக்கிறது. வெங்காயம், பூண்டு, முள்ளங்கி, கொத்தமல்லி, காளான், தக்காளிச் சாறு ஆகியவையும் மருந்தே இல்லாமல் அட்டையை வெள்ளையாக்கக்கூடியவை என்று மேலே சொன்ன சீன நெறிமுறையே எச்சரிக்கிறது. இவற்றை நறுக்காமல், நசுக்காமல், முழுசாகக் கரைசலில் ஊறவைத்துச் சோதிக்க வேண்டும். பூண்டிலும் வெங்காயத்திலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் எல்மன் முறையில் நேர்மாறான வம்பு செய்யும். நொதியின் உதவியே இல்லாமல் தாமே மஞ்சள் நிறத்தைக் கொடுத்து, இருக்கும் மருந்தை மறைத்துவிடும்.

'நாங்கள் அடிக்கும் இ.சி. மருந்திலேயே கரைப்பான் இருக்கிறதே, அது அட்டையைக் கெடுக்காதா?' என்று ஒரு பயிற்சியில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. சைலீன் போன்ற கரைப்பான்கள் அதில் உண்டு. தெளித்த பிறகு வெயிலில் அவை பெரும்பாலும் ஆவியாகிவிடும், அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாட்களைக் கடைப்பிடித்திருந்தால் சோதனையைக் கெடுக்கும் அளவுக்கு மிஞ்சாது. சிக்கல் வயலில் தெளித்ததில் இல்லை, சோதனை மேசையில் ஊற்றுவதில் இருக்கிறது.

கொள்முதல் நிலையத்தில் எப்படிச் செய்ய வேண்டும்?

அட்டைகளைக் குளிர்பெட்டியில் வையுங்கள், காலாவதி தேதியைப் பாருங்கள், எடுத்ததும் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். இலை 5 கிராம் என்றால் தாங்கல் கரைசல் 10 மி.லி., நன்றாகக் குலுக்கி சில நிமிடம் ஊறவைத்துத் தெளிந்த நீரை எடுங்கள். பொடி தீர்ந்துவிட்டால் சோதனையை நிறுத்துங்கள், குழாய்த் தண்ணீரோ ஸ்பிரிட்டோ ஊற்றாதீர்கள். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரினும் நொதியைத் தாக்கும். நொதிக்கு ஏற்ற வெப்பம் 37 டிகிரி. மார்கழிக் காலையில் அதைவிடக் குளிர்ந்த அறையில் நொதி மெதுவாக வேலை செய்யும், நீலம் வரத் தாமதமாகும். அப்போது நேரத்தை நீட்ட வேண்டும், வெற்று அட்டை நீலமாகும் வரை.

அந்த வெற்று அட்டைதான் இந்தச் சோதனையின் உயிர். ஒவ்வொரு முறையும் ஓர் அட்டையில் வெறும் கரைசலை மட்டும் விட்டுப் பக்கத்தில் வையுங்கள். அது நீலமாகவில்லை என்றால் அன்றைய எந்த முடிவும் செல்லாது. முடிந்தால் மருந்தடிக்காத இலையின் சாறு ஓர் அட்டையில். ஏதோ காரணத்தால் கரைப்பானைத் தவிர்க்கவே முடியவில்லை என்றால், அதே அளவு கரைப்பான் மட்டும் சேர்த்த கரைசல் ஓர் அட்டையில். செலவு கூடும் என்பார்கள். கூடும்தான், ஒன்றுக்கு மூன்று அட்டை. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவை இந்த மூன்றையும் வைத்தால் போதும், ஒவ்வொரு விவசாயியின் சரக்குக்கும் வைக்க வேண்டியதில்லை. ஸ்பிரிட் ஊற்றிய அன்று அந்த நிலையத்தில் வெற்று அட்டை ஒன்றை வைத்து அதிலும் ஸ்பிரிட்டையே விட்டிருந்தால் விஷயம் அங்கேயே வெளிப்பட்டிருக்கும்.

வெள்ளை வந்தால் உடனே சரக்கைத் திருப்ப வேண்டாம், மறுபடி ஒருமுறை சோதியுங்கள். இரண்டாம் முறையும் வெள்ளை என்றால் மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். விவசாயிகளும் இதைக் கேட்டு வாங்கலாம். 'வெற்று அட்டை எங்கேங்க?' என்று கேட்பதில் தப்பில்லை. நீங்கள் கேட்டால்தான் அவர்கள் வைப்பார்கள்.

நீலம் வந்தால் இலை சுத்தமா?

இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மை சொன்னவளாவேன். இந்த நொதியைத் தாக்காத மருந்துகள் எதையும் இந்த அட்டை காணாது. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டுகள், இமிடாகுளோப்ரிட் போன்ற நியோநிகோட்டினாய்டுகள், குளோரான்ட்ரானிலிப்ரோல், பூஞ்சாணக்கொல்லிகள், களைக்கொல்லிகள் எவ்வளவு இருந்தாலும் அட்டை நீலம்தான். ஆர்கனோபாஸ்பேட் வகையிலேயே குளோர்பைரிபாஸ், மாலத்தியான் போன்றவை பூச்சியின் உடலுக்குள் போய் மாறிய பிறகே முழு வீரியம் பெறும். அவற்றின் மூல வடிவத்தை அட்டை சரியாகப் பிடிக்காது. மோனோகுரோட்டோபாஸ் போல நேரடியாகத் தாக்குபவற்றை நன்றாகப் பிடிக்கும். அதைக் காய்கறிகளில் பயன்படுத்த நம் நாட்டில் 2005 முதலே தடை உண்டு.

அளவிலும் வேறுபாடு உண்டு. வரம்பு தனியாக நிர்ணயிக்கப்படாத மருந்துகளுக்கு நம் நாட்டில் பொதுவாக வைக்கப்பட்டுள்ள அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அவ்வளவு நுண்ணிய அளவை அட்டை காட்டாது. இந்தியக் கறிவேப்பிலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் எல்லையில் கூடுதல் சோதனை வைத்தது இந்த மாதிரி எச்சங்களுக்காகத்தான். ஏற்றுமதிக்குப் போகும் சரக்கை அட்டையை மட்டும் நம்பி அனுப்புவது கூடவே கூடாது.

அந்த விவசாயியின் இலையையும் கருவிச் சோதனைக்கு அனுப்பினோம். அறிக்கையில் ஆர்கனோபாஸ்பேட் எதுவும் இல்லை, கார்பமேட்டும் இல்லை. சைபர்மெத்ரின் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் வாங்கி அடித்த 'மூலிகை' பாட்டிலில் சேர்மானங்களின் பெயரே அச்சிடப்படவில்லை, பதிவு எண்ணும் இல்லை. அதைச் சோதித்தபோது அதிலும் அதே மருந்து இருந்தது. கொள்முதல் நிலையம் அவரைத் தவறான காரணத்துக்காகத் திருப்பி அனுப்பியது. சரியான காரணம் ஒன்று இருந்தது, அது அவர்களுக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. பதிவு எண், சேர்மானம், உற்பத்தியாளர் முகவரி இல்லாத எந்தப் பாட்டிலையும், அதில் எந்த மூலிகையின் படம் போட்டிருந்தாலும், வாங்காதீர்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வயலிலும் வெற்று அட்டை

இலைகளை ஸ்பிரிட்டிலோ சாராயத்திலோ ஊறவைத்துப் பூச்சிவிரட்டி தயாரிக்கும் முயற்சிகளைப் பல ஊர்களில் பார்க்கிறேன். தெளித்ததும் அசுவினி செத்துவிட்டது, இலைச்சாறு அற்புதம் என்று காணொளி வந்துவிடுகிறது. கொன்றது இலையா, ஸ்பிரிட்டா? உடல் மென்மையான அசுவினியையும் மாவுப்பூச்சியையும் ஸ்பிரிட் தானாகவே கொல்லும், சோப்புக் கரைசலும் கொல்லும். அடுத்த முறை ஒரு வரிசைக்கு ஸ்பிரிட்டை மட்டும் அதே அளவு தண்ணீரில் கலந்து தெளியுங்கள், இன்னொரு வரிசைக்கு இலைச்சாறோடு, மூன்றாவதை அப்படியே விடுங்கள். மூன்று நாள் கழித்து எண்ணிப் பாருங்கள். வெறும் ஸ்பிரிட் வரிசையில் இலை நுனி கருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சாற்றுக்கு உண்மையிலேயே வீரியம் இருந்தால் அது இரண்டாம் வரிசையில் தெரிந்துவிடும்.

மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப நினைப்பவர்கள் தோட்டத்தில் ஒரே செடியில் பறிக்காமல் பல இடங்களில் பறித்துக் கலந்து, அரைக் கிலோவுக்குக் குறையாமல், புதிய பாலித்தீன் பையில் போட்டுப் பனிக்கட்டியுடன் அன்றே அனுப்புங்கள். கழுவ வேண்டாம். கடைசியாக என்ன அடித்தீர்கள், எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் எழுதித் தனியாகப் பையின் வெளியே ஒட்டுங்கள். மருந்தடித்த கையோடு பறிக்காதீர்கள், பையிலும் அந்த வாசனை படக் கூடாது. காரமடை விவசாயியின் அடுத்த மாதிரி அப்படித்தான் வந்தது. தாளில் வேப்பெண்ணெய் என்று மட்டும் எழுதி, கீழே ரசீதையும் ஊசி குத்தி வைத்திருந்தார்.